ஒரு ஸ்பேஸ் தின்ற மூன்று வாரம்

உங்க லேப்டாப்பில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகுறீங்க. திரையோரம் சின்னதா ஒரு ஐகான் வருது. அதை நம்பி ஃபைலை காப்பி பண்றீங்க. அந்த ஃபைல் உண்மையிலேயே அந்த டிஸ்க்குக்குத்தான் போச்சா? மூன்றாம் ஆண்டு முடியும்வரை இந்தக் கேள்வியை நான் ஒருதடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இது சி மொழியில் இருக்கிற ஒரு சின்ன ஃபங்ஷன் குடும்பத்தைப் பற்றியது. "ஐயோ, லேப் ரெக்கார்டா?" என்று ஓடிவிடாதீங்க. முதலில் கதையைச் சொல்கிறேன். வாதத்துக்கு அப்புறம் வருவோம்.

நடந்தது இதுதான்

என் ரூம்மேட் மெக்கானிக்கல். அவனுடைய ப்ராஜெக்ட், மோட்டாரின் அதிர்வை சென்சார் வைத்து அளந்து பழுதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது. மூன்று வாரம் லேபில் உட்கார்ந்து அளவீடு எடுத்தான். தினமும் ராத்திரி அந்த டேட்டாவை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைக்கணும். "நீதான் சிஎஸ் ஆச்சே மச்சி, ஏதாவது ப்ரோக்ராம் எழுதிக் குடேன்" என்றான். எனக்கும் பெருமையா இருந்துச்சு. சியில் எழுதினேன், சுமார் நூறு வரி.

லினக்ஸில் விண்டோஸ் மாதிரி சி டிரைவ், டி டிரைவ் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாமே ஒரே மரம். புது டிஸ்க் வந்தால் அந்த மரத்தின் ஏதோ ஒரு ஃபோல்டரில் கொண்டுபோய் ஒட்டவைப்பார்கள். அதுதான் மவுண்ட். எந்த டிஸ்க் எங்கே ஒட்டியிருக்கு என்ற பட்டியலை /ப்ராக்/மவுண்ட்ஸ் என்ற ஃபைலில் பார்க்கலாம். ஒரு வரிக்கு ஒரு மவுண்ட், ஒவ்வொன்றிலும் ஆறு சொற்கள், நடுவில் ஸ்பேஸ். முதல் சொல் எந்த டிவைஸ், இரண்டாவது எந்த ஃபோல்டர், மூன்றாவது எந்த ஃபைல் சிஸ்டம், நான்காவது ஆப்ஷன்கள், கடைசி இரண்டும் எண்கள்.

இதைப் பார்த்ததும் நம்ம எல்லோருக்கும் கை தன்னால் எஃப்ஸ்கேன்எஃப் போடும். நானும் போட்டேன். ஆறு சொல்லையும் படி, முதல் சொல் அந்த ஹார்ட் டிஸ்க் என்றால் இரண்டாவது சொல்லை எடு, அதுதான் காப்பி பண்ண வேண்டிய இடம். வழியில் ஏதாவது ஃபோல்டர் இல்லையென்றால் ப்ரோக்ராமே உருவாக்கிக்கொள்ளும் என்று இன்னொரு வசதியும் வைத்தேன். 'பெர்மிஷன் இல்லை' என்று எங்கேயும் நிற்கக் கூடாது என்பதற்காக சூடோ போட்டு ஓட்டச் சொன்னேன். என் பென் டிரைவில் சோதித்தேன். அதன் பெயர் 'டேட்டா'. அருமையாக வேலை செய்தது.

ரூம்மேட்டின் ஹார்ட் டிஸ்க்குக்குப் பெயர் 'நியூ வால்யூம்'. விண்டோஸில் பார்ட்டிஷன் உருவாக்கும்போது நாம் எதுவும் மாற்றாமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் அடித்தால் கிடைக்கும் பெயர். பாதி ஹாஸ்டல் டிஸ்க்குகளுக்கு இதுதான் பெயர். நியூ, அப்புறம் ஒரு ஸ்பேஸ், அப்புறம் வால்யூம்.

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஸ்பேஸ் என்று வைத்துவிட்ட ஃபைலில், பெயருக்கு உள்ளேயே ஸ்பேஸ் இருந்தால் என்ன செய்வது? கெர்னல் அதை அப்படியே எழுதாது. ஸ்பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் \040 என்று நான்கு எழுத்துகளைப் போடும். எட்டின் அடிமானத்தில் 40 என்றால் நம் கணக்கில் 32. ஆஸ்கியில் 32 தான் ஸ்பேஸ். இதேபோல டேப் வந்தால் \011, புது வரி வந்தால் \012, பேக்ஸ்லாஷ் வந்தால் \134.

என் ப்ரோக்ராமுக்கு இது எதுவும் தெரியாது. அது படித்தது 'நியூ\040வால்யூம்'. அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை. இல்லாவிட்டால் உருவாக்கிக்கொள் என்று நான்தான் சொல்லியிருக்கிறேனே! சூடோ வேறு இருக்கு, தடுக்க ஆளில்லை. லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கிலேயே 'நியூ\040வால்யூம்' என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் அத்தனையையும் அழகாக காப்பி செய்துவிட்டு, "பேக்கப் முடிந்தது" என்று அச்சடித்தது. தினமும். மூன்று வாரமும்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. "உன் ப்ரோக்ராம் செம ஃபாஸ்ட்டு மச்சி" என்றான். ஃபாஸ்ட்டாகத்தான் இருக்கும், யூஎஸ்பி பக்கமே போகவில்லையே. கொஞ்ச நாளில் லேப்டாப்பில் 'டிஸ்க் இடம் குறைவாக இருக்கிறது' என்று எச்சரிக்கை வர ஆரம்பித்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம்: ஃபார்மேட் பண்ணிட்டு லினக்ஸைப் புதுசா போட்டுடலாம், பேக்கப்தான் இருக்கே!

மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் பழைய சினிமா நான்கும் ஒரு செமஸ்டர் நோட்ஸும்தான் இருந்தது. அவன் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. மறுபடி லேபுக்குப் போய் ஐந்து நாள் உட்கார்ந்து, கிடைத்த அளவுக்கு டேட்டா எடுத்து, ரிவ்யூவை எப்படியோ சமாளித்தான்.

இதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருந்தது

அதற்கு அடுத்த வாரம்தான் மேன் பேஜ் என்ற ஒன்றைப் பொறுமையாகத் திறந்தேன். கெட்-எம்என்டி-என்ட். எம்என்டி என்றால் மவுண்ட், என்ட் என்றால் என்ட்ரி. பெயரைக் கேட்டால் மூக்கடைத்தவர் பேசுவது மாதிரி இருக்கும். ஆனால் வேலை ரொம்ப சுத்தம். செட்-எம்என்டி-என்ட் ஃபைலைத் திறக்கும். கெட்-எம்என்டி-என்ட் ஒவ்வொருதடவை கூப்பிடும்போதும் ஒரு வரியைப் படித்து, ஆறு பாகமாகப் பிரித்து, \040 மாதிரியான முடிச்சுகளை அவிழ்த்து, ஒரு ஸ்ட்ரக்சரில் வைத்துக் கொடுக்கும். வரிகள் தீர்ந்தால் நல் திரும்பும். எண்ட்-எம்என்டி-என்ட் மூடும். மொத்தமே ஐந்தாறு வரிதான். ஸ்ட்ரக்சரின் டைரக்டரி பாகத்தில் 'நியூ வால்யூம்' என்று ஸ்பேஸோடு வந்து நிற்கும்.

கவனிங்க, நான் வரியைப் பிரித்தது சரிதான். பிரித்த பிறகு முடிச்சை அவிழ்க்காததுதான் தப்பு. முடிச்சு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அந்த ஃபங்ஷனை எழுதியவருக்குத் தெரியும். லைப்ரரி ஃபங்ஷன் நமக்கு மிச்சம் பண்ணிக் கொடுப்பது டைப்பிங்கை இல்லை. நமக்கு முன்னால் இடறி விழுந்தவர்களின் அனுபவத்தை அது வரிகளாகச் சுமந்துகொண்டு வருகிறது.

இன்னொரு உதாரணம். ஒரு டிஸ்க் 'படிக்க மட்டும்' என்ற நிலையில் இருக்கா என்று பார்க்க, நான்காவது பாகத்தில் 'ஆர்ஓ' என்ற ஆப்ஷன் இருக்கா என்று தேடணும். எஸ்டிஆர்எஸ்டிஆர் போட்டால் வேலை முடிஞ்சது என்று நினைப்போம். ஆனால் உபுண்டுவில் ரூட் டிஸ்க்குக்கு வழக்கமாக ஒரு ஆப்ஷன் இருக்கும்: 'எர்ரர்ஸ்=ரீமவுண்ட்-ஆர்ஓ'. பிழை வந்தால் படிக்க மட்டும் என்று மாற்றிவிடு என்று அர்த்தம். அதன் கடைசியில் 'ஆர்ஓ' இருக்கு. அதுபோக, 'எர்ரர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவிலேயே ஆர், ஓ என்ற இரண்டு எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கு! எஸ்டிஆர்எஸ்டிஆர் சந்தோஷமாக 'இருக்கு' என்று சொல்லிவிடும். நன்றாக எழுத முடிகிற டிஸ்க்கை, எழுத முடியாது என்று உங்க ப்ரோக்ராம் சாதிக்கும். இதற்குத்தான் ஹேஸ்-எம்என்டி-ஆப்ட் இருக்கு. ஜிலிப்சியில் அது கிடைத்த சொல்லுக்கு முன்னால் கமாவோ தொடக்கமோ இருக்கா, பின்னால் கமாவோ சமக்குறியோ முடிவோ இருக்கா என்று பார்த்த பிறகுதான் ஆமாம் என்று சொல்லும்.

அப்போ லைப்ரரியை நம்பினால் போதுமா?

இங்கேதான் சீனியர்கள் சிலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. "லைப்ரரி ஃபங்ஷனைக் கூப்பிடு, உள்ளே என்ன நடக்குதுன்னு உனக்கு எதுக்கு?" என்று கேட்பார்கள். இல்லைங்க. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியும் தெரிய வேண்டாம். ஆனால் அது என்ன வாக்குக் கொடுக்கிறது, என்ன வாக்குக் கொடுக்கவில்லை என்பது தெரிந்தே ஆகணும்.

கெட்-எம்என்டி-என்ட் உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் பாயின்டர், அதன் சொந்த ஸ்டேட்டிக் இடத்தைக் காட்டுகிறது. அடுத்ததடவை கூப்பிட்டால் அதே இடத்தில் அடுத்த வரி வந்து உட்காரும். எல்லா பாயின்டரையும் ஒரு அரேயில் சேர்த்து வைத்துவிட்டு கடைசியில் அச்சடித்தால், அத்தனையும் ஒரே மவுண்ட்டைக் காட்டும். இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் இன்னும் கூத்து. அதற்காக கெட்-எம்என்டி-என்ட்-ஆர் என்று ஒன்று உண்டு. அதற்கு இடத்தை நீங்கள்தான் கொடுக்கணும். வரி அதில் கொள்ளவில்லை என்றால் மிச்சத்தை ஓசையில்லாமல் தள்ளிவிடுவதைத்தான் ஜிலிப்சி பல ஆண்டுகளாகச் செய்துவந்தது. டாக்கர் ஓடும் மெஷினில் ஓவர்லே மவுண்ட் வரிகள் எவ்வளவு நீளம் என்று ஒருதடவை பாருங்க, இது ஏன் முக்கியம் என்று புரியும்.

திரும்பும் மதிப்புகளும் வேடிக்கைதான். பட்டியலில் வரி சேர்க்கும் ஆட்-எம்என்டி-என்ட் வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் 1. மூடும் எண்ட்-எம்என்டி-என்ட் எப்போதுமே 1. இதை ஊகித்துக் கண்டுபிடிக்க முடியுமா? படித்தால்தான் தெரியும்.

லைப்ரரி எழுதியவர்களும் மனிதர்கள்தான். ஜிலிப்சி 2.11.1 வரை இருந்த ஒரு ஓட்டைக்கு சிவிஇ-2010-0296 என்று எண். மவுண்ட் பட்டியலில் பெயரை எழுதும்போது முடிச்சுப் போடும் மேக்ரோ, பெயருக்குள் புது வரி எழுத்து வந்தால் அதைச் சரியாகக் கையாளவில்லை. லினக்ஸில் ஃபோல்டர் பெயருக்குள் புது வரி இருக்கலாம், சட்டப்படி தப்பில்லை. அப்படி ஒரு ஃபோல்டரை உருவாக்கி, மவுண்ட்-சிஐஎஃப்எஸ் போன்ற ப்ரோக்ராம் வழியாக மவுண்ட் செய்யச் சொன்னால், /எட்சி/எம்டேப் ஃபைல் கெட்டுப்போகும். இன்னும் மோசமாக, மவுண்ட் ஆப்ஷன்களை மாற்றி, இல்லாத அதிகாரத்தையே பெற்றுவிட வாய்ப்பு இருந்தது. என் கதையில் ஒரு ஸ்பேஸ் மூன்று வார உழைப்பைத் தின்றது. இதில் ஒரு புது வரி எழுத்து மொத்த மெஷினின் பூட்டையே அசைத்துப் பார்த்தது.

ரிஜிஸ்டரும் ப்ராக்சியும்

எந்த ஃபைலைப் படிக்கிறோம் என்பதும் முக்கியம். பழைய காலத்தில் /எட்சி/எம்டேப் ஒரு சாதாரண ஃபைல். மவுண்ட் கமாண்ட் ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் அதில் ஒரு வரி எழுதும். கிளாஸ் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் மாதிரி. ரிஜிஸ்டரில் டிக் இருந்தால் ஆள் இருக்கான் என்று அர்த்தமா? ப்ராக்சி போட்டவர்களைக் கேளுங்க! யாராவது மவுண்ட் கமாண்ட் இல்லாமல் நேராக சிஸ்டம் கால் போட்டால் ரிஜிஸ்டருக்குத் தெரியாது. ரூட் டிஸ்க் 'படிக்க மட்டும்' என்றிருந்தால் ரிஜிஸ்டரில் எழுதவே முடியாது. லினக்ஸ் 2.4.19-இல் மவுண்ட் நேம்ஸ்பேஸ் வந்த பிறகு, ஒவ்வொரு ப்ராசஸும் தனக்கென்று வேறொரு மரத்தைப் பார்க்கலாம் என்றாகிவிட்டது. எல்லோருக்கும் ஒரே ரிஜிஸ்டர் என்பதற்கு அர்த்தமே போச்சு.

அதனால்தான் இன்றைய டிஸ்ட்ரோக்களில் எம்டேப் என்பது /ப்ராக்/செல்ஃப்/மவுண்ட்ஸைக் காட்டும் வெறும் சிம்பாலிக் லிங்க். ரிஜிஸ்டரைப் பார்க்காமல் வகுப்புக்குள்ளேயே எட்டிப் பார்த்து தலையை எண்ணுகிற மாதிரி, அங்கே கெர்னலே பதில் சொல்கிறது.

இந்தக் குடும்பம் கடைசி வார்த்தையும் இல்லை. சன்ஓஎஸ் காலத்திலிருந்து வருகிறது, போசிக்ஸில் கிடையாது. சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸில் இதே பெயரில் வேறு ஆர்கியுமெண்ட்களோடு வேறு ஃபங்ஷன் உண்டு. பிஎஸ்டியில் பெயரே வேறு. லினக்ஸில் 2.6.26-இலிருந்து மவுண்ட்இன்ஃபோ என்ற விவரமான ஃபைல் இருக்கு, அதைப் படிக்க லிப்மவுண்ட் இருக்கு. 2024-இல் வந்த லினக்ஸ் 6.8-இல் லிஸ்ட்மவுண்ட், ஸ்டாட்மவுண்ட் என்று இரண்டு சிஸ்டம் கால்களே வந்துவிட்டன. ஒரே பெரிய டெக்ஸ்ட் பட்டியலை உடைத்துப் படிக்காமல், வேண்டிய மவுண்ட்டை மட்டும் கெர்னலிடமே கேட்கலாம். டெக்ஸ்டை உடைத்துப் படிப்பது சுலபமில்லை என்று கெர்னல்காரர்களே ஒத்துக்கொண்டதாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

நான் கேட்பது என்ன?

நம்ம சி லேபில் என்ன செய்கிறோம்? ஃபிபொனாச்சி, பாலிண்ட்ரோம், ஒரு ஃபைலை இன்னொரு ஃபைலுக்கு காப்பி. எல்லாவற்றுக்கும் உள்ளீடு சுத்தமாக இருக்கும். 'ராம்', 'சீதா', '10', '20'. அவுட்புட் வந்தால் கையெழுத்து. உள்ளீட்டில் ஒரு ஸ்பேஸ் வந்தால் என்ன ஆகும் என்று வைவாவில் கேட்டவர் யாராவது உண்டா? ஒரு மேன் பேஜை முழுசாகப் படித்துவிட்டு வா என்று சொன்ன எக்ஸ்பெரிமெண்ட் உண்டா? என் நூறு வரி ப்ரோக்ராம் நம்ம லேபில் முழு மார்க் வாங்கியிருக்கும். அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

"இதெல்லாம் இன்டர்வியூவில் கேட்க மாட்டாங்க" என்பீங்க. கேட்காமல் போகட்டும். ஆனால் வேலைக்குப் போன பிறகு உங்க கோடில் ஓடப்போவது யாரோ ஒருவருடைய டேட்டா. "ஏஐ எழுதிக் கொடுக்கும், நாம ஏன் படிக்கணும்?" என்பீங்க. கொடுக்கும். அது எஃப்ஸ்கேன்எஃப் போட்டுக் கொடுத்தால் அதில் தப்பு இருக்கு என்று கண்டுபிடிக்க, உங்களுக்கு \040 தெரிஞ்சிருக்கணுமே. படிக்காதவன் கையில் சரியான கோடும் தப்பான கோடும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதனால் ஓஎஸ் லேபில் ஒரே ஒரு எக்ஸ்பெரிமெண்ட் சேருங்கள் என்று நம்ம ஆசிரியர்களிடம் கேட்கிறேன். கெட்-எம்என்டி-என்ட், ஸ்டாட்விஎஃப்எஸ் இரண்டையும் வைத்து டிஎஃப் மாதிரி ஒரு குட்டி கமாண்ட் எழுதணும். எந்த மவுண்ட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டணும். மதிப்பெண் அவுட்புட்டுக்கு மட்டும் இல்லை. ஸ்பேஸ் உள்ள பெயர், டேப் உள்ள பெயர், புது வரி உள்ள பெயர், ஒரே ஃபோல்டர் மேல் இரண்டுதடவை மவுண்ட் செய்தது என நான்கு கோணல் உள்ளீடுகளை மாணவரே தயாரித்து, ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று எழுதணும். ஒரு மதியம் போதும்.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. இன்றைக்கு ராத்திரி டெர்மினலில் மேன் போட்டு கெட்-எம்என்டி-என்ட் பக்கத்தைத் திறங்க. பத்து நிமிஷம்தான் ஆகும். அப்புறம் நீங்களே எழுதிய ஏதாவது ஒரு பழைய ப்ரோக்ராமை எடுத்து, ஸ்பேஸ் உள்ள ஒரு ஃபோல்டர் பெயரைக் கொடுத்துப் பாருங்க. பேக்கப் ஸ்கிரிப்ட் ஏதாவது இருந்தால், காப்பி பண்ணும் முன் மவுண்ட்பாயிண்ட் கமாண்டை வைத்து அந்த இடம் உண்மையிலேயே மவுண்ட்தானா என்று சரிபாருங்க. தேவையில்லாமல் சூடோ போடாதீங்க. எனக்கு அன்றைக்கு அந்த 'பெர்மிஷன் இல்லை' ஒரு உதவியாக இருந்திருக்கும், நான்தான் அதன் வாயை அடைத்துவிட்டேன். கடைசியாக, காப்பி பண்ணிய டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு லேப்டாப்பில் செருகித் திறந்து பாருங்க.

ரூம்மேட்டின் டிஸ்க்குக்கு இப்போதும் அதே பெயர்தான், 'நியூ வால்யூம்'. மாற்றிடலாமே என்று சொன்னேன். "எதுக்கு? உன் ப்ரோக்ராமை மாத்து" என்றான். மாற்றிவிட்டேன்.